ஸ்தோத்திரம் சொல்ல வரவில்லை

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

உங்கள் தியானக் கட்டுரைகளைப் பல வருடமாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. நான் திருநெல்வேலிப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையைச் சேர்ந்தவள். போன ஆகஸ்டில் என் கணவர் மாரடைப்பில் இறந்துபோனார். வயது 46. பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் ஒருத்தி இருக்கிறாள்.

அந்த வருடப் பிறப்பு ஆராதனையில் எங்கள் குடும்பத்துக்காக அவர்தான் வருடத்துக்கான வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டையை எடுத்தார். ‘நீடித்த நாட்களால் அவனைத் திருப்தியாக்கி, என் இரட்சிப்பை அவனுக்குக் காண்பிப்பேன்’ என்று வந்தது. சிரித்துக்கொண்டே பர்சில் வைத்தார். ஆஸ்பத்திரியில் அவருடைய பர்சை என் கையில் கொடுத்தபோது அட்டை உள்ளேயே இருந்தது.

ஞாயிறுதோறும் கோவிலுக்குப் போகிறேன். எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்லும்போது எனக்கு வாய் வருவதில்லை. துக்கம் விசாரிக்க வந்த ஒரு பெரியவர், “எல்லாவற்றிற்காகவும் ஸ்தோத்திரம் சொல்லச் சொல்லி வேதத்தில் இருக்கு, இதுக்கும் சொல்லும்மா, சமாதானம் வரும்” என்றார். சொல்லிப் பார்த்தேன். என் கணவர் செத்ததற்கு நானே நன்றி சொன்ன மாதிரி இருந்தது. அன்றிலிருந்து ஜெபமும் பண்ண முடியவில்லை.

அடுத்த மாதம் ஊரில் அசனம், சபையே கூடிச் சாப்பிடுகிற ஸ்தோத்திர விருந்து. வருடா வருடம் பந்தியில் சோற்று வாளி தூக்குகிறவர் என் கணவர். வா வா என்று கூப்பிடுகிறார்கள். நன்றி சொல்ல மனசில்லாதவள் அசனத்தில் உட்காரலாமா? நான் விசுவாசத்தை விட்டு விலகிவிட்டேனா? அந்த அட்டையை நான் என்ன செய்ய? பெயர் போடாமல் பதில் எழுதுங்கள் அண்ணன்.

ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கச்சி,

முதலில் அந்தப் பெரியவர் சொன்ன வசனத்தைப் பார்த்துவிடுவோம். அதுதான் உங்கள் ஜெபத்தின் குறுக்கே கிடக்கிறது.

வசனம் இருக்கிறது. பவுல் எழுதிய எபேசியர் 5:20 ‘எப்பொழுதும் எல்லாவற்றிற்காகவும்’ என்றுதான் சொல்கிறது. அதை நான் மழுப்பப் போவதில்லை. அதே பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது ‘எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்’ என்கிறார். ‘காகவும்’ வேறு, ‘லேயும்’ வேறு, மூல மொழியான கிரேக்கத்திலும் அப்படித்தான் என்று சொல்லி எபேசியர் வசனத்தைத் தாண்டிப் போய்விடுகிறவர்கள் உண்டு. தாண்ட வேண்டிய அவசியம் இல்லை. அதே ஐந்தாம் அதிகாரத்தில் கொஞ்சம் மேலே, 11ஆம் வசனத்தில், அந்தகாரக் கிரியைகளுக்கு உடன்படாமல் அவைகளைக் கடிந்துகொள்ளுங்கள் என்கிறார். கடிந்துகொள்ள வேண்டியதற்கும் நன்றி சொல்லுங்கள் என்று ஒன்பது வசனம் தள்ளி அவரே சொல்லியிருப்பாரா? மரணத்தைப் பற்றி அவர் எழுதியது இன்னும் வெளிப்படையானது: ‘பரிகரிக்கப்படும் கடைசிச் சத்துரு மரணம்’. சத்துரு என்கிறார். உங்கள் வீட்டுக்குள் வந்தது சத்துரு. சத்துரு வந்ததற்கு நன்றி சொல்ல உங்கள் வாய் மறுத்தது என்றால், அந்த வாய் பவுலோடு ஒத்துப்போகிறது என்றுதான் நான் சொல்வேன்.

திருவிருந்தில் சபைப் போதகரான ஐயர் அப்பத்தைக் கையில் எடுக்கும்போது வாசிக்கிற வார்த்தைகளை இந்த ஞாயிறு கவனித்துக் கேளுங்கள். ‘தாம் காட்டிக்கொடுக்கப்பட்ட அன்று இராத்திரியிலே அப்பத்தை எடுத்து, ஸ்தோத்திரம்பண்ணி’. காட்டிக்கொடுக்கப்பட்ட அன்று இராத்திரி! இந்த ஸ்தோத்திரம் என்ற சொல்லிலிருந்துதான் கிரேக்கத்தில் திருவிருந்துக்கே பெயர் வந்தது. இயேசு அந்த இரவில் நன்றி சொன்னார். எதற்கு? கையில் இருந்த அப்பத்துக்கு. பாத்திரத்துக்கு. காட்டிக்கொடுத்த யூதாசின் முத்தத்துக்கு அவர் ஸ்தோத்திரம் சொன்னதாக நான்கு சுவிசேஷத்திலும் இல்லை. சாப்பாடு முடிந்து தோட்டத்துக்குப் போனதும் என்ன செய்தார்? இந்தத் துன்பப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும் என்று ஒரு தடவை இல்லை, மூன்று தடவை கேட்டார். நன்றியும் மன்றாட்டும் ஒரே வாயிலிருந்து, சில மணி நேர இடைவெளியில் வந்தன. ஒன்று இன்னொன்றைப் பொய்யாக்கவில்லை.

அப்புறம் அந்த அட்டை.

நீங்கள் எழுதியிருப்பது 91ஆம் சங்கீதத்தின் கடைசி வசனம். இந்தச் சங்கீதம் சுவிசேஷத்தில் யார் வாயில் வருகிறது தெரியுமா? பிசாசின் வாயில். தேவாலயத்து உப்பரிகைமேல் இயேசுவை நிறுத்தி, தாழக் குதியும், தூதர்கள் உம்மைக் கைகளில் ஏந்துவார்கள் என்று எழுதியிருக்கிறதே என்று 91இலிருந்து எடுத்துக் காட்டுகிறான். சங்கீதம் பொய் என்று இயேசு சொல்லவில்லை. அதை உத்தரவாதச் சீட்டு மாதிரி நீட்டுவதைத்தான் மறுத்தார்: ‘உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக’. அந்த மறுப்பைச் சொன்னவர் நாற்பது வயதைப் பார்க்கவில்லை. ‘நீடித்த நாட்கள்’ என்ற வரியை இப்போது வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். உங்கள் கணவருக்குக் கிடைக்காத அந்த நாட்கள், அவர் நம்பின ஆண்டவருக்கும் கிடைக்கவில்லை.

வருடப் பிறப்பு இரவில் அட்டை எடுக்கிற வழக்கத்தை நானும் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவன். அதில் இருக்கிற ஆசையை மதிக்கிறேன். ஆனால் ஒரு சங்கீதத்திலிருந்து ஒரே வரியைக் கத்தரித்து, இந்தக் குடும்பத்துக்கு இந்த வருடம் இதுதான் என்று கையில் கொடுப்பது சரியில்லை. நல்லபடியாக முடிந்த வீடுகள் சாட்சி சொல்கின்றன. மற்ற வீடுகள் பேசுவதில்லை. உங்களைப் போல ஒருவர் பர்சைத் திறந்து பார்க்கும் நாள் எத்தனை வீடுகளில் வந்திருக்கும்? அதைச் சபைகள் யோசிக்க வேண்டும்.

சாட்சி என்றதும் 2004 டிசம்பர் 31 இரவு நினைவுக்கு வருகிறது. சுனாமி வந்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. அது வந்தது கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்ற யாத்ரீகர்கள் கூட்டம் கூட்டமாக இறந்துபோனார்கள். கொளச்சலிலும் மணக்குடியிலும் கடல் தொழிலை நம்பி வாழ்ந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் கரையிலேயே அழிந்தன. அந்த 31ஆம் தேதி இரவு நான் போயிருந்த சபையில் ஒருவர் எழுந்து, வேளாங்கண்ணிக்கு டிக்கெட் எடுத்திருந்தோம், கடைசி நேரத்தில் போகவில்லை, கர்த்தர் எங்களைக் கருத்தாய்க் காத்தார் என்று அழுதுகொண்டே சொன்னார். உண்மையான அழுகை. எனக்கு இரண்டு வரிசைக்கு முன்னால், கொளச்சலில் சொந்தக்காரர்களைப் பறிகொடுத்த ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. அவர்கள் தலை நிமிரவே இல்லை. உயிர் பிழைத்தவர் நன்றி சொல்லாமல் இருக்க முடியுமா? முடியாது. அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த நன்றியைக் கேட்கும்போது, முன்வரிசைக் குடும்பத்தைக் கர்த்தர் ஏன் கருத்தாய்க் காக்கவில்லை என்ற கேள்வி அங்கே கூரைக்கு அடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை யாரும் எடுத்துப் பேசவில்லை. ஆராதனையில் அதற்கு ஒரு இடம் இருந்திருக்க வேண்டும்.

அந்த இடம் வேதத்தில் இருக்கிறது. 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறையீடும் புலம்பலும்தான். அவற்றில் மிக இருண்டது 88. மற்ற புலம்பல்கள் பெரும்பாலும் முடிவதற்குள் எப்படியாவது ஒரு நம்பிக்கை வரிக்கு வந்து சேரும். 88 வராது. சிநேகிதனையும் தோழனையும் நீரே தூர விலக்கினீர் என்று கர்த்தர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிடும். ஸ்தோத்திரம் சொல்கிற ஒரு வரிகூட இல்லை. ஆனால் அதன் தலைப்பைப் பாருங்கள்: கோராகின் புத்திரரின் பாட்டு, இராகத் தலைவனுக்கு ஒப்புவிக்கப்பட்டது. தனியறையில் ஒருவர் எழுதி ஒளித்து வைத்ததல்ல அது. சபை கூடிப் பாட வேண்டும் என்று பாடகர் கையில் கொடுக்கப்பட்டது. சங்கீதப் புத்தகம் முழுவதற்கும் எபிரேயத்தில் பெயர் ‘துதிகள்’. துதிகள் என்ற அட்டைக்குள்ளே 88ஐயும் சேர்த்துத்தான் கட்டியிருக்கிறார்கள்.

அதனால் விலகிவிட்டேனா என்று கேட்கிறீர்களே, இல்லை தங்கச்சி. விலகினவர்களுக்கு இந்தக் கேள்வியே வராது. வாய் வராமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள் இல்லையா, அந்த உட்காரலைக் கர்த்தர் ஆராதனை என்று ஏற்றுக்கொள்கிறார் என்று நான் முழு மனதோடு நம்புகிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் பாடட்டும். கொஞ்ச காலம் உங்களுக்கும் சேர்த்து அவர்கள் பாடட்டும். சபை எதற்கு இருக்கிறது? அட்டையைக் கிழிக்க வேண்டாம். வேதாகமத்தில் 91இல் வைக்காமல் 88இல் வையுங்கள். பக்கத்துக்குப் பக்கம்தான்.

என் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்கிறேன். நாங்கள் செம்மணல் தேரிக்காட்டு ஊர்க்காரர்கள். அப்பா இறந்தபோது எனக்குப் பதினோரு வயது. எங்கள் வீட்டிலும் கைப்பிடி அரிசி எடுப்பார்கள். ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனியாக ஒரு பானையில் போட்டு, அதைக் கோவிலுக்குக் கொடுப்பது. (மிசோரமில் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910இல் இதே மாதிரி தொடங்கிய பிடி அரிசியில் இன்றும் மிஷன் வேலை நடக்கிறது.) அப்பா போன பிறகு அம்மா ஏழெட்டு மாதம் கோவிலுக்கு வரவில்லை. பாட்டுச் சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்வாள். ஆனால் பிடி அரிசி நிற்கவில்லை. அடுத்தவர் வீட்டில் கடன் வாங்கி வந்த அரிசியிலும் ஒரு பிடி போனது. சபை ஊழியரான உபதேசியார் வந்து வாங்கிக்கொண்டு போவார், எதுவும் கேட்க மாட்டார்.

வளர்ந்த பிறகு ஒரு நாள் கேட்டேன், அப்போது எப்படி நன்றி சொல்ல மனசு வந்தது என்று. “நன்றியும் இல்ல ஒண்ணும் இல்லடா. சோறு பொங்குனா ஒரு பிடி எடுக்கணும், கை அதுவா எடுத்துச்சு” என்றாள். அம்மா அதை ஒரு பெருமையாகவே நினைக்கவில்லை. எனக்கோ இத்தனை வருடத்தில் கேட்ட எந்தச் சாட்சியைவிடவும் அது பெரிதாகத் தெரிகிறது. மனசு செத்துக் கிடந்த காலத்தில் அவளுடைய விசுவாசத்தை அவள் கைதான் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

நன்றி என்ற சொல்லை நாம் இப்போது ‘தேங்க்ஸ்’ என்ற அர்த்தத்தில்தான் புழங்குகிறோம். வள்ளுவர் அதிகாரத்துக்கு வைத்த பெயர் செய்ந்நன்றியறிதல். அதில் நன்றி என்பது நமக்குச் செய்யப்பட்ட நன்மை. நம் பங்கு அதை அறிவது. அப்படிப் பார்த்தால் உங்களுக்குச் செய்யப்பட்ட நன்மை உங்கள் கணவர். அட்டை எடுத்துச் சிரித்த மனிதர், பந்தியில் வாளி தூக்கினவர். அவர் எவ்வளவு பெரிய நன்மை என்பதை உங்களைவிட இப்போது யார் அறிவார்கள்? இதை ஸ்தோத்திரம் என்று பெயரிட்டுச் சொல்ல உங்களுக்கு இன்னும் நாளாகலாம். ஆகட்டும்.

கடைசியாக அசனம். லேவியராகமம் ஏழாம் அதிகாரத்தில் ஸ்தோத்திர பலிக்கு ஒரு சட்டம் இருக்கிறது. நேர்ந்துகொண்டு செலுத்துகிற பொருத்தனைப் பலியின் மாம்சத்தை மறுநாளும் சாப்பிடலாம். ஸ்தோத்திர பலியை அன்றைக்கே சாப்பிட்டு முடிக்க வேண்டும், விடியும்வரை ஒன்றும் மீதி வைக்கக் கூடாது. முழு ஆட்டை ஒரு வீட்டார் ஒரு நாளில் எப்படித் தின்று தீர்ப்பது? அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டே ஆக வேண்டும். கூப்பிட்டு வந்தவர்கள் எல்லாருக்கும் அன்று நன்றி சொல்லக் காரணம் இருந்திருக்குமா என்ன? அந்த வருடம் பிள்ளையைப் புதைத்தவன்கூட இலை முன்னால் உட்கார்ந்திருப்பான். நம் ஊர் அசனத்திலும் பந்தியில் உட்கார யாரும் யாரிடமும் காரணம் கேட்டதில்லை. ஊரே அரிசியும் ஆடும் கொடுத்து, ஊரே உட்கார்ந்து சாப்பிடுகிற சாப்பாடு அது. உங்கள் கணவர் வாளியோடு வந்தபோது, நீ நன்றியோடு வந்திருக்கிறாயா என்று கேட்டுவிட்டா சோறு வைத்தார்?

போங்கள். மகளையும் கூட்டிப் போங்கள். வாளி தூக்குகிற பையன்கள் அவரைப் பற்றி ஏதாவது சொல்வார்கள், சொல்லட்டும். அழுகை வந்தால் பந்தியிலேயே அழுங்கள். பாதியில் எழுந்து வரத் தோன்றினால் வந்துவிடுங்கள். அன்றைக்குக் காலையில் போகவே முடியாது என்று ஆகிவிட்டால், அண்டை வீட்டார் யாரிடமாவது தூக்குச்சட்டியைக் கொடுத்து அனுப்புங்கள். எங்கள் ஊரில் வர முடியாதவர்களுக்கு அப்படித்தான் கொடுத்து விடுவார்கள். சோறு வீடு தேடி வரும்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்