வீட்டில் டே கேர்: உதவிக்கு ஆள் வைக்கும்போது சட்டம் என்ன கேட்கிறது?

கேள்வி: மதுரை எஸ்.எஸ். காலனியில் எங்கள் சொந்த வீட்டின் கீழ்த்தளத்தில் மூன்று வருடமாகக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறேன். ஒரு வயதிலிருந்து நான்கு வயது வரை ஒன்பது பேர். பெரும்பாலும் நர்ஸ், பேங்க் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். கூட இருந்த பெண் போன மாதம் 12-ம் தேதியோடு சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். அந்த 12 நாள் சம்பளத்தை நான் கொடுக்கவில்லை. இப்போது ஆள் விட்டுக் கேட்கிறார். புதிதாகத் தேடியதில் இரண்டு பேர் அமைந்திருக்கிறார்கள். ஒருவர் திருப்பரங்குன்றத்திலிருந்து வரும் நாற்பது வயதுக்காரர். இன்னொருத்தி பக்கத்துத் தெருப் பெண், வயது 16, பத்தாவதோடு நின்றவள். காலை 8 மணி முதல் இரவு 7 மணி வரை, ஞாயிறு லீவு, மாதம் 6,000 ரூபாய் என்று பேசியிருக்கிறேன். பாதியில் ஓடிவிடாமல் இருக்க ஒரிஜினல் ஆதாரையும் மார்க் ஷீட்டையும் வாங்கி வைத்துக்கொள்ளலாமா? வேலையைக் கற்றுக்கொண்டு பக்கத்திலேயே தனியாக டே கேர் போடக் கூடாது என்று எழுதி வாங்கலாமா? உதவியாளரின் கவனக்குறைவால் குழந்தைக்கு ஏதாவது ஆனால் கேஸ் என் மேல் வருமா? "எதற்கும் நிர்வாகம் பொறுப்பல்ல" என்று பெற்றோரிடம் ஏற்கெனவே கையெழுத்து வாங்கியிருக்கிறேன்.

பதில்:

அன்புச் சகோதரிக்கு, உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்றதெல்லாம் அதைத் தொட்டுத்தான் நிற்கிறது.

கேஸ் உங்கள் மேல் வரும். பெற்றோர் பிள்ளையை ஒப்படைப்பது உங்களிடம், பணம் கொடுப்பதும் உங்களிடம். நீங்கள் யாரை வேலைக்கு வைத்தாலும் பெற்றோர் பார்வையிலும் சட்டத்தின் பார்வையிலும் பொறுப்பு கைமாறுவதில்லை. வேலை நேரத்தில், வேலையின் பகுதியாக உதவியாளர் செய்யும் தவறுக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டியவர் முதலாளிதான். பெற்றோர் சிவில் நீதிமன்றத்துக்கும் போகலாம், சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம்.

குற்ற வழக்கு வேறு மாதிரி. ஒருவர் செய்ததற்கு இன்னொருவரை அப்படியே தண்டிக்க முடியாது. ஆனால் காவல்துறை உங்களிடம் நேராகக் கேட்கும் கேள்விகள் இருக்கின்றன. ஒன்பது குழந்தைகளையும் ஒரே ஆளிடம் விட்டுவிட்டு ஏன் கடைக்குப் போனீர்கள்? சம்புக்கு ஏன் பூட்டு இல்லை? அந்த ஆளை விசாரித்தீர்களா? இவற்றுக்குப் பதில் இல்லையென்றால் அது உங்கள் சொந்தக் கவனக்குறைவு ஆகிவிடும். கவனக்குறைவால் மரணம் நேர்ந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 106-வது பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இது 2 ஆண்டாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் கூட்டியிருக்கிறார்கள். சிறார் நீதிச் சட்டம் 2015-ன் 75-வது பிரிவு இன்னும் கடுமையானது. குழந்தையை அடிப்பது, கொடுமைப்படுத்துவது, வேண்டுமென்றே கவனிக்காமல் விடுவது ஆகியவற்றை, பராமரிப்புப் பொறுப்பை ஏற்ற அமைப்பை நடத்துகிறவரோ அங்கே வேலை பார்ப்பவரோ செய்தால் 5 ஆண்டு வரை கடுங்காவலும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

2025 ஏப்ரலில் நம் மதுரை கே.கே. நகரில் ஒரு மழலையர் பள்ளியின் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து நான்கு வயதுக் குழந்தை இறந்ததை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். நடத்தியவர் மட்டுமல்ல, அங்கே வேலை பார்த்தவர்களும் கைதானார்கள். இதைப் படித்ததும் முதல் வேலையாக உங்கள் வீட்டுச் சம்ப் மூடியைப் போய்ப் பாருங்கள்.

பெற்றோர் கையெழுத்துப் போட்ட அந்தத் தாளை நம்பாதீர்கள். குற்ற வழக்கில் அதற்கு மதிப்பே கிடையாது. நஷ்டஈட்டு வழக்கிலும் அது உங்களைக் காப்பாற்றும் என்று நான் சொல்லமாட்டேன். அடிபட்ட குழந்தை அதில் கையெழுத்துப் போடவில்லையே!

இனி ஆள் வைக்கும் விஷயம். வேலைக்கு வருகிறவரைப் பற்றிப் போலீஸ் விசாரணை செய்யச் சொன்னால் "நம்ம தெரிஞ்சவங்க சொல்லி வந்தவங்க, எப்படிக் கேக்குறது?" என்று பலர் தயங்குகிறார்கள். கேட்கத்தான் வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் கீழ் வந்த போக்சோ விதிகள் 2020-ன் 3-வது விதி, பள்ளி, குழந்தைகள் காப்பகம் என்று குழந்தைகளோடு அன்றாடம் பழகும் எந்த இடமாக இருந்தாலும், அங்குள்ள ஒவ்வொரு பணியாளருக்கும் போலீஸ் சரிபார்ப்பும் பின்னணி விசாரணையும் கட்டாயம் என்கிறது. அதுவும் ஒரு தடவையோடு முடிவதில்லை, குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். சமையலுக்கு வருகிறவர், வண்டி ஓட்டுகிறவர் யாருக்கும் விலக்கில்லை. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே வீட்டு வேலையாள், வேலைக்கு வருபவர் என்று தனித்தனியாக விண்ணப்பிக்கலாம். "அக்கா, இது எல்லோருக்கும் உள்ள சட்டம், எனக்கும் சேர்த்துத்தான் எடுக்கிறேன்" என்று சொல்லி, உங்களுக்கும் ஒன்று எடுத்துவிடுங்கள். சங்கடம் பாதி குறையும். பெற்றோர் கேட்டால் காட்டவும் ஆகும்.

போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஒரு குழந்தைக்குப் பாலியல் தொல்லை நடந்திருக்கிறது என்று தெரிந்தால், நடக்கக்கூடும் என்று பட்டாலும்கூட, காவல் நிலையத்தில் சொல்லியாக வேண்டும். உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவர் செய்ததை, பேர் கெட்டுவிடும் என்று மூடி மறைத்தால் உங்களுக்கே ஓராண்டு வரை சிறை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

பக்கத்துத் தெருப் பெண்ணை வைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களை ஆபத்தில்லாத வேலையில் வைக்கச் சட்டம் அனுமதிக்கிறது, உண்மைதான். ஆனால் இடைவேளையும் சேர்த்து ஒரு நாளைக்கு 6 மணி நேரம்தான். தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. இரவு 7 முதல் காலை 8 வரை கூடவே கூடாது. பதிவேடும் வைக்க வேண்டும். நீங்கள் சொன்ன 11 மணி நேரம் அப்பட்டமான விதிமீறல். அதையும் விடுங்கள். ஒரு வயதுக் குழந்தைக்குப் புரையேறி மூச்சுத் திணறும்போது 16 வயதுப் பெண் என்ன செய்வாள்? அவளே இன்னும் குழந்தை. அவள் வீட்டாரிடம் பேசி, ஐ.டி.ஐ.யிலோ பதினொன்றாவதிலோ சேர வழி சொல்லுங்கள். அந்த உதவி போதும்.

திருப்பரங்குன்றத்துக்காரரின் சம்பளத்துக்கு வருவோம். மாதம் 26 நாள், நாளுக்கு 11 மணி நேரம் என்றால் 286 மணி நேரம். 6,000 ரூபாயை அதால் வகுத்தால் மணிக்கு 21 ரூபாய்கூடத் தேறவில்லை. மத்திய அரசு 2019-ல் அறிவித்த தேசியத் தளக் கூலியே (நாடு முழுவதற்குமான அடிமட்டக் கூலி) நாளுக்கு 178 ரூபாய். உங்கள் கணக்கில் 8 மணி நேரத்துக்கு 168 ரூபாய்தான் வருகிறது. தமிழ்நாட்டின் குறைந்தபட்ச ஊதியம் இதைவிட அதிகம். தொழிலாளர் துறை அலுவலகத்தில் இன்றைய தேதிக்கு உள்ள அறிவிக்கையைக் கேட்டு வாங்கி, அதற்குக் குறையாமல் கொடுங்கள். அவரே சம்மதித்துத்தான் வந்தார் என்ற வாதம் எடுபடாது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ன் கணக்குப்படி நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. அதற்கு மேல் பார்த்தால் இரட்டிப்புக் கூலி.

உங்களுக்குக் கட்டுப்படியாகுமா என்று யோசிப்பீர்கள். காலை 9 முதல் மாலை 6 வரை, நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாட்டுக்கு என்று அவருக்கு வைத்துவிட்டு, குழந்தைகள் குறைவாக இருக்கும் காலை ஒன்பது வரைக்கும் சாயங்காலம் ஆறுக்கு மேலும் நீங்களே பார்த்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். தாமதமாக அழைத்துப்போகும் பெற்றோரிடம் கூடுதல் கட்டணம் கேட்பதில் தப்பே இல்லை. பதினோரு மணி நேரம் நின்று களைத்தவரின் கையில் கைக்குழந்தை இருப்பதுதான் எனக்கு இதில் பெரிய பயம்.

ஒரிஜினல் ஆதார், மார்க் ஷீட் எதையும் வாங்கி வைக்காதீர்கள். சான்றிதழ் என்பது அடகுப் பொருள் அல்ல, அதைப் பிடித்துவைக்க யாருக்கும் உரிமையில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. அசலைப் பார்த்துவிட்டு, நகலில் அவர் கையெழுத்தும் தேதியும் வாங்கி வைத்துக்கொண்டால் போதும். முதல் மாதச் சம்பளத்தை 'அட்வான்ஸ்' என்று பிடித்து வைப்பதும் கூடாது. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

தனியாக டே கேர் போடக் கூடாது என்று எழுதி வாங்கினாலும் செல்லாது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ன் 27-வது பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. உங்களிடம் வேலையில் இருக்கும்வரை வேறு இடத்தில் இதே வேலை பார்க்கக் கூடாது என்று கேட்கலாம். பெற்றோரின் போன் நம்பர்களையும் குழந்தைகளின் விவரங்களையும் வெளியே கொண்டுபோகக் கூடாது என்றும் எழுதலாம். வேலையை விட்ட பிறகு அவர் அடுத்த தெருவிலேயே போர்டு மாட்டினாலும் உங்களால் தடுக்க முடியாது.

இதற்கெல்லாம் ஒரு நியமனக் கடிதம் வேண்டும். பத்திரத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாளில் தமிழில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கு ஒரு பிரதி. சம்பளம், நேரம், விடுமுறை, இரு தரப்புக்கும் ஒரு மாத முன்னறிவிப்பு ஆகியவை வழக்கமானவை. வேலை பற்றிய பகுதியைத்தான் நிதானமாக எழுத வேண்டும். இப்படி இருக்கலாம்:

"பெற்றோர் பதிவேட்டில் எழுதிக் கொடுத்தவர்களைத் தவிர வேறு யாரிடமும் குழந்தையை அனுப்பமாட்டேன், அப்பா, தாத்தா என்று சொல்லி வந்தாலும் உரிமையாளரைக் கேட்காமல் அனுப்பமாட்டேன். பெற்றோர் எழுதித் தராத எந்த மருந்தையும், காய்ச்சல் சிரப் உட்பட, கொடுக்கமாட்டேன். குழந்தையை அடிக்கவோ, கிள்ளவோ, இருட்டறையில் விடுவேன் என்று மிரட்டவோ மாட்டேன். குழந்தைகளைப் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடமாட்டேன். சின்ன அடி பட்டாலும் உடனே சொல்லி, பதிவேட்டில் நேரத்தோடு எழுதுவேன்."

அந்த முதல் வரியைச் சும்மா போடவில்லை. விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருக்கும் வீட்டிலிருந்து அப்பா வந்து குழந்தையைத் தூக்கிப்போய்விட்டால், அந்தச் சண்டைக்குள் நீங்களும் இழுக்கப்படுவீர்கள். சிசிடிவி வைப்பதாக இருந்தால் அதையும் கடிதத்தில் சொல்லிவிடுங்கள். கழிவறையிலும் உடை மாற்றும் இடத்திலும் கேமரா கூடாது.

ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்துவிட்டால், நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் அவரை நிறுத்த முடியாது. நோட்டீஸுக்குப் பதில் ஒரு மாதச் சம்பளம் கொடுக்கலாம். குழந்தையை அடித்தார் என்பது போன்ற குற்றச்சாட்டு என்றால் நோட்டீஸ் வேண்டாம், ஆனால் விசாரித்து எழுத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அதுவரை குழந்தைகளிடமிருந்து அவரை விலக்கி வையுங்கள். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. இரண்டும் உங்கள் அளவுக்குக் கட்டாயமில்லை. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசின் இ-ஷ்ரம் தளத்தில் அவரைப் பதிவு செய்ய நீங்களே இ-சேவை மையத்துக்குக் கூட்டிப் போகலாம்.

நின்றுபோனவரின் 12 நாள் சம்பளத்தைக் கொடுத்துவிடுங்கள். சொல்லாமல் நின்றது அவர் தவறுதான், ஆனால் உழைத்த கூலியை அதற்காகப் பிடித்துவைக்க முடியாது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத்தொகுப்பு, வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் பாக்கியைத் தீர்க்கச் சொல்கிறது. நீங்கள் ஏற்கெனவே தாமதம். ரொக்கமாகக் கொடுக்காமல் அவர் வங்கிக் கணக்குக்கே அனுப்பி, எந்த மாதத்து எத்தனை நாள் சம்பளம் என்று குறிப்பிட்டு ஒரு மெசேஜும் அனுப்பிவையுங்கள்.