ஐ.வி.ஏ. முடிந்த பிறகு வந்த பி.பி.ஐ. இழப்பீடு யாருக்குச் சேரும்?

இங்கிலாந்தில் ஐ.வி.ஏ. (கடன்கொடுத்தவர்களோடு செய்துகொள்ளும் முறையான கடன்தீர்ப்பு ஒப்பந்தம்) தவணையெல்லாம் கட்டி நிறைவுச் சான்றிதழும் வாங்கிவிட்டேன், இப்போது பழைய கடனோடு ஒட்டவைத்த பி.பி.ஐ. (தவணை கட்ட முடியாமல் போனால் கைகொடுக்கும்) காப்பீட்டுக்கு இழப்பீடு வந்திருக்கிறது, செலவழிக்கலாமா என்று கேட்கிறீர்கள். தயவுசெய்து இப்போதைக்குத் தொடாதீர்கள்.

2017-இல் கிரீன் எதிர் ரைட் வழக்கில், சான்றிதழ் கொடுத்த பிறகும் அந்தப் பணம் கடன்கொடுத்தவர்களுக்கான டிரஸ்ட் சொத்துதான், அதாவது அவர்களுக்காகப் பொறுப்பில் வைக்கப்பட்ட சொத்துதான் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஐந்தாறு வருடம் வயிற்றைக் கட்டிக் கடன் அடைத்தவருக்கு இது வலிக்கத்தான் செய்யும். ஆனாலும் உங்கள் ஒப்பந்தத்தில் டிரஸ்ட், சேர்க்கப்பட்ட சொத்து, விலக்கப்பட்ட சொத்து பற்றிய பத்திகள் என்ன சொல்கின்றன என்பதுதான் முக்கியம். சரி, ஸ்காட்லாந்து? அங்கே ஐ.வி.ஏ. போல இருக்கும் டிரஸ்ட் டீட் என்ற ஏற்பாடு வேறு. அதில் இதே மாதிரி பி.பி.ஐ. பணம் பற்றிய வழக்கில் 2018-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் கடனாளி பக்கம் தீர்ப்பளித்தது. அதை நம்பி இங்கிலாந்தில் செலவழிக்க முடியாது.

பணத்தைத் தனியாக வைத்துவிட்டு, உங்கள் ஐ.வி.ஏ.வைக் கவனித்த மேற்பார்வையாளருக்கு எழுத்தில் தெரிவித்து, பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள்.