வாசகர் கேள்வி – பதில்: மண்ணுக்குள் கிடக்கும் காசு

கேள்வி: கரூருக்கு அருகே அமராவதிக் கரையில் எங்கள் குடும்பத்துக்கு நிலம் இருக்கிறது. மெட்டல் டிடெக்டர் ஒன்றை வாங்கி, பழங்காசுகளைத் தேடுவதைப் பொழுதுபோக்காக வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறேன். இங்கிலாந்தில் பலர் இப்படித் தேடிப் புதையல் எடுத்திருக்கிறார்களாம். சொந்த நிலம்தானே, சட்டச் சிக்கல் ஏதும் வருமா?
– கல்லூரி மாணவர், கரூர்

பதில்: சொந்த நிலத்துக்கும் சட்டம் பொருந்தும். 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால், கண்டெடுத்தவர் அதை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். என்ன பொருள், எந்த இடம், எந்த நாள் என்பனவும் அதில் இருக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. 10 ரூபாய் என்பது அந்தக் காலத்துக் கணக்கு என்பதால், தேய்ந்த செப்புக்காசு ஒன்றுகூட இன்று அந்த வரம்பைத் தாண்டிவிடும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களிலோ, உரிமம் இல்லாமல் தோண்டுவதே குற்றம்.

இங்கிலாந்தைப் பற்றிக் கேட்டதால், அங்கே நடந்த ஒன்றைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். 2010 ஏப்ரலில், சாமர்செட் பகுதியில் ஃபுரோம் என்ற ஊருக்கு அருகே, மருத்துவமனைச் சமையற்காரரான டேவ் கிரிஸ்ப் வயல் ஒன்றில் தேடிக்கொண்டிருந்தபோது கருவி ஒலித்தது. தோண்டியவர், காசுகள் நிறைந்த பானையின் வாய் தென்பட்டதும் கையை எடுத்துவிட்டு, குழியை மூடி, தொல்லியலாளர்களுக்குத் தகவல் சொன்னார். அவர்கள் காசுகளை அடுக்கடுக்காகப் பிரித்து எடுத்தார்கள். மொத்தம் 52,503 ரோமானியக் காசுகள்; எடை ஏறத்தாழ 160 கிலோ. அவற்றுள் காலத்தால் பிந்தியவை, ரோமானியர் காலத்தில் பிரிட்டனை ஆண்ட கரௌசியஸ் என்பவர் வெளியிட்ட காசுகள். ஆண்டாண்டாகச் சேர்த்த சேமிப்பாக இருந்திருந்தால் அவை பானையின் வாய்ப்பக்கம் கிடந்திருக்க வேண்டும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை நடுவுக்குக் கீழே இருந்தன. ஆகவே அத்தனை காசும் ஒரே சமயத்தில் கொட்டப்பட்டது என்று தெரிந்தது. எந்தக் காசிலும் பொறிக்கப்படாத இந்தச் செய்தியை, அவை கிடந்த அடுக்கே சொன்னது. அந்த மனிதர் ஆசைப்பட்டு இரண்டு கை அள்ளியிருந்தாலும் அது கலைந்து போயிருக்கும்.

உங்கள் அமராவதி ஆற்றுப்படுகையிலும் ரோமானியக் காசுகள் கிடைத்திருக்கின்றன; சேரருடைய காசுகளும், 'மாக்கோதை' என்று தமிழ் பிராமியில் பெயர் பொறித்த வெள்ளிக்காசுகள் உட்பட, கிடைத்திருக்கின்றன. அவற்றுள் பல, மணலைச் சலித்தவர்களிடமிருந்து பழைய உலோகக் கடைக்கும், அங்கிருந்து சேகரிப்பாளர் கைக்கும் போனவை. எந்த இடத்தில், எந்த ஆழத்தில், எதனுடன் கிடந்தன என்பதை இனி எவராலும் மீட்க முடியாது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கிறது. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்: இரண்டாவது காசோ, பானை ஓடோ தென்பட்டால் அதற்கு மேல் தோண்டாதீர்கள். அப்படியே படம் எடுத்துவிட்டுத் தகவல் கொடுங்கள்.

கேள்வி: இந்தக் கருவி எவ்வளவு ஆழம் வரை காட்டும்?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: கருவியின் அடியில் உள்ள கம்பிச்சுருள் மாறிக்கொண்டேயிருக்கும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அது உலோகத்தில் சிறு மின்னோட்டத்தைத் தூண்ட, அதன் எதிர்வினையை இன்னொரு சுருள் உணர்ந்து ஒலி எழுப்புகிறது. காசு அளவுள்ள பொருள் என்றால், சாதாரணக் கருவிக்கு ஒரு சாண் ஆழமே பெரிது. இரும்புச்சத்து மிகுந்த செம்மண்ணில் இன்னும் குறையும். ஒலிக்கும் இடமெல்லாம் காசு இருக்காது. ஆணி, சோடா மூடி, மாட்டு லாடம் ஆகியவையே அதிகம் அகப்படும்.

கேள்வி: வயலில் கிடைத்த பச்சை படிந்த செப்புக்காசைப் புளி போட்டுத் தேய்க்கலாமா?
– இல்லத்தரசி, கும்பகோணம்

பதில்: வேண்டவே வேண்டாம், அம்மா. புளியோ எலுமிச்சையோ பித்தளைக் குடத்துக்குச் சரி. காசின் மேல் பல நூற்றாண்டுகளாகப் படிந்த களிம்பை அமிலம் கரைக்கும்போது, அதோடு ஒட்டியிருக்கும் எழுத்தும் உருவமும் சேர்ந்து போய்விடும். சோழநாட்டுக் கிராமம் ஒன்றில் பெரியவர் ஒருவர் என்னிடம் ராஜராஜன் காசு ஒன்றைக் காட்டினார். ஒரு பக்கம் நிற்கும் உருவமும், மறுபக்கம் அமர்ந்த உருவத்தின் அருகே நாகரி எழுத்தில் அரசர் பெயரும் இருக்க வேண்டிய காசு அது. வீட்டில் தேய்த்த தேய்ப்பில் தகதகவென்று மின்னியது. பெயர் இருந்த இடம் வழவழப்பாக இருந்தது, நகத்தால் தடவியும் ஓர் எழுத்துக்கூட நெருடவில்லை. உங்கள் காசை ஈரம் இல்லாமல் காகித உறையில் போட்டு, கிடைத்த நாளையும் வயலின் சர்வே எண்ணையும் உறையின் மேல் எழுதி வையுங்கள். பிறகு மேலே சொன்னபடி ஆட்சியர் அலுவலகத்துக்கு எழுதுங்கள்.