கட்டைவிரல் காட்டினார்கள், காசு வரவில்லை!

கேள்வி: எனக்கு வயது 41. அக்கா மகனுக்கு ரத்தப் புற்றுநோய் வந்து, சிகிச்சைக்குப் பிறகு இப்போது நன்றாக இருக்கிறான். அந்தச் சமயத்தில் எங்களுக்குத் தங்க இடம் கொடுத்து உதவியது ஒரு தொண்டு அமைப்பு. அதற்கு நிதி திரட்ட, ஐந்து மாதத்தில் வரும் முழு மாரத்தானில் ஓடப்போகிறேன் என்று அலுவலக வாட்ஸ்அப் குழுவில் அறிவித்துவிட்டேன். எல்லாரும் கட்டைவிரலைக் காட்டினார்கள். பணம் போட்டது மூன்றே பேர். தினமும் அரை மணி நேரம் நடப்பேன், ஓடிப் பழக்கமில்லை. “ஓடுவதற்கு ஆகும் செலவை அவர்களுக்கே கொடுத்துவிடு, முட்டி தேய்ந்துவிடும்” என்கிறார் கணவர். பின்வாங்கிவிடலாமா?

பதில்: பின்வாங்க வேண்டாம், தூரத்தைக் குறையுங்கள்.

முழு மாரத்தான் 42.195 கிலோமீட்டர். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவர்களுக்கே அதற்கு நான்கைந்து மாதப் பயிற்சி வேண்டும் என்பார்கள். நடந்து மட்டுமே பழகிய உங்களுக்கு அந்தக் காலம் அரை மாரத்தானுக்குத்தான், அதாவது 21.1 கிலோமீட்டருக்குத்தான் சரியாக இருக்கும். சொன்ன பேச்சு மாறிவிட்டதே என்று கூச்சப்பட வேண்டாம். பணம் போடுகிறவர் கிலோமீட்டர் கணக்குப் பார்த்துப் போடுவதில்லை. உங்கள் முகத்துக்காகப் போடுகிறார்.

கனடாவின் டெர்ரி ஃபாக்ஸைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். எலும்புப் புற்றுநோயால் 1977-ல் வலது காலை இழந்தவர். செயற்கைக் காலோடு நாட்டையே குறுக்காக ஓடிக் கடந்து, புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டப் புறப்பட்டார். அதற்கு முன் ஒரு வருடத்துக்கு மேல் பயிற்சி எடுத்தார். 1979-ல் ஒரு 27 கிலோமீட்டர் பந்தயத்தில் கடைசியாகத்தான் வந்தார். 1980 ஏப்ரலில் கிழக்குக் கரையிலிருந்து கிளம்பியபோது பல ஊர்களில் அவரைக் கண்டுகொள்ள ஆளில்லை. ஏறக்குறைய பத்தாயிரம் பேர் வசித்த போர்ட் ஓ பாஸ்க் என்ற ஊர் மட்டும் பத்தாயிரம் டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தது. தலைக்கு ஒரு டாலர்! அதையே நாடு முழுவதும் கேட்க ஆரம்பித்தார். 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடியபின், நோய் நுரையீரலுக்குப் பரவி, ஓட்டம் பாதியில் நின்றது. ஆனாலும் 1981 பிப்ரவரிக்குள் சேர்ந்த தொகை 2.4 கோடி டாலரைத் தாண்டியது. தூரத்தை முடிக்காததால் யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை.

நீங்கள் குழுவில் கேட்டீர்கள். குழுவில் கேட்டால் எல்லாரும் பக்கத்து ஆள் கொடுப்பார் என்று நினைத்துக்கொள்வார்கள். ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லித் தனியாக எழுதுங்கள். “உங்களால் முடிந்தது” என்று மொட்டையாக முடிக்காமல், ஒரு குடும்பம் ஓர் இரவு தங்க இவ்வளவு ஆகிறது, அதைத் தர முடியுமா என்று கேளுங்கள். அந்தக் கணக்கை அமைப்பிடமே வாங்கிக்கொள்ளலாம். முதல் தொகை உங்கள் கணவருடையதாக இருக்கட்டும். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது: நுழைவுக் கட்டணம், ஷூ எல்லாம் உங்கள் கைக்காசு என்பதைச் செய்தியிலேயே எழுதிவிடுங்கள். பணம் உங்கள் கணக்கைத் தொடாமல் நேராக அமைப்புக்குப் போய், ரசீது அங்கிருந்தே வரட்டும். தொண்டு அமைப்பின் மூலமாகப் பந்தயத்தில் இடம் வாங்கியிருந்தால் விதிமுறையைப் படித்துப் பாருங்கள்; குறைந்தபட்சத் தொகை சேராவிட்டால் மீதியை நீங்களே கட்ட வேண்டிய ஏற்பாடும் உண்டு.

இன்னொன்று. பையனின் கதையையும் படத்தையும் போடும் முன் அக்காவிடம் கேளுங்கள், அவனிடமும் கேளுங்கள். வகுப்பில் எல்லாருக்கும் தெரிய வேண்டாம் என்று அவன் நினைக்கலாம்.

சரி, முட்டிக்கு வருவோம். நல்ல நிலையில் இருக்கும் முட்டி மிதமான ஓட்டத்தால் தேய்ந்துவிடும் என்பது பொதுவான பயம்தான். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. காயம் வருவது பெரும்பாலும் அவசரத்தால். மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிட்டு, ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று தொடங்குங்கள். வாரம் மூன்று நாள் போதும். பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம்தான் உங்கள் வேகம். மூன்றில் ஒரு நாள் மட்டும் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். தசை வலி இரண்டு மூன்று நாளில் போய்விடும். ஆனால் முட்டிக்குக் கீழே, காலின் முன்பக்க எலும்பில் ஒரே இடத்தில், விரல் வைத்து அழுத்தினால் சுரீர் என்றால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அது எலும்பில் மெல்லிய விரிசலாக இருக்கலாம். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடவே கூடாது. தண்ணீரும் தாகத்துக்குத்தான். பயந்துபோய் லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து ஆபத்தாகிவிடும். பந்தயத்தன்று புது ஷூ, புது சாக்ஸ் எதுவும் வேண்டாம்.

ஓடி முடித்த வாரத்திலேயே மொத்தத் தொகையை எல்லாருக்கும் தெரிவியுங்கள். தருகிறேன் என்று சொல்லிவிட்டு மறந்தவர்கள் சிலர் இருப்பார்கள். அவர்களுக்கு ஒரே ஒரு தடவை நினைவூட்டுங்கள், அதோடு விட்டுவிடுங்கள். நாளைக்கும் அவர்களோடுதான் வேலை பார்க்க வேண்டும்.