தோளில் மாட்டும் ஸ்ட்ராப் கழன்று கிட்டார் கீழே விழுவதை எப்படித் தடுப்பது? ஸ்ட்ராப்பைக் கிட்டாரோடு பூட்டும் ஸ்ட்ராப் லாக் வாங்கினால் போதுமா?

ஆறு மாதத்தில் இரண்டு முறை ஸ்ட்ராப் கழன்றதாகவும், இரண்டு முறையும் கையால் பிடித்துக் காப்பாற்றியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மூன்றாவது முறை வரை காத்திருக்க வேண்டாம். என் கை ஒருமுறை எட்டவில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் டிசம்பர் மாதம், திருநெல்வேலிப் பக்கம் எங்கள் தேவாலயக் கேரல் குழுவில் நான்தான் கிட்டார். கருவி என்னுடையது அல்ல, பெரியப்பா மகன் அண்ணனுடையது. முதல் வேலையில் சேர்ந்து, சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய அக்கூஸ்டிக் கிட்டார். ஒரே இரவில் இருபது வீடுகள். வேனில் ஏறுவது, இறங்குவது, பாடுவது, மறுபடி ஏறுவது. பதினேழாவதோ பதினெட்டாவதோ வீட்டில், வேன் படியில் இறங்கும்போது கதவில் இடிக்காமல் இருக்கக் கிட்டாரைச் சற்று மேலே தூக்கினேன். கழுத்தின் அடிப்பக்கத்தில் ஸ்ட்ராப்பை மாட்டும் பொத்தானிலிருந்து அது நழுவியது. தலைப்பகுதி சிமெண்ட் படியில் மோதிய சத்தம் இன்றும் காதில் இருக்கிறது. ஒடிந்த தலையை ஆறு தந்திகள் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தன.

பாடும்போது எவ்வளவோ ஆடியிருக்கிறேன், அப்போதெல்லாம் கழலவில்லை. தூக்கிய ஒரு கணத்தில் கழன்றது. இதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்ட்ராப்பின் தோல் முனையில் உள்ள துளையைக் கவனியுங்கள். வட்டத் துளை, அதிலிருந்து ஸ்ட்ராப்பின் நடுப்பகுதியை நோக்கி ஒரு சிறிய கீறல். கிட்டார் தொங்கும்போது பொத்தான் துளையின் வெளி விளிம்பில், அதாவது தோல் முழுதாக இருக்கும் பக்கத்தில், அழுந்தி நிற்கிறது. எடை அதிகமானால் இன்னும் நன்றாக அழுந்தும். கிட்டாரைத் தூக்கினாலோ, உட்கார்ந்து மடியில் வைத்தாலோ, குனிந்தாலோ ஸ்ட்ராப் தளர்கிறது. அப்போது பொத்தான் கீறலின் பக்கம் நகர்கிறது. அங்கே தோல் விரிந்து கொடுக்கும். ஸ்ட்ராப் சற்றே முறுக்கிக்கொண்டாலும் போதும், பொத்தான் வெளியே வந்துவிடும். உங்களுக்கு இரண்டு முறை கழன்றது எந்த நேரத்தில் என்று நினைத்துப் பாருங்கள். எழுந்து நிற்கும்போது, அல்லது கழற்றப்போகும்போது என்பதாகவே இருக்கும் என்று எண்ணுகிறேன்.

என் விஷயத்தில் இன்னொன்றும் சேர்ந்தது. விறைப்பாக இருந்த தோல் தோளை உறுத்துகிறது என்று அதில் தேங்காய் எண்ணெய் தடவி வந்திருந்தேன். தோல் மென்மையானது, துளையும் சேர்ந்து தளர்ந்தது. தோல் ஸ்ட்ராப்பின் முனைகளில் எண்ணெய் படவே கூடாது. மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்தால் உலர்ந்த துணியால் துடைத்துக் காற்றாட வைத்தால் போதும். துளைக்குள் பொத்தானை நுழைக்கச் சிரமப்பட வேண்டும். எளிதாக நுழைகிற ஸ்ட்ராப் எளிதாக வெளியேயும் வரும்.

எந்த முனை கழல்கிறது என்பதைப் பொறுத்துச் சேதம் மாறும். மேல் முனை கழன்றால் கழுத்து கீழே சாய்ந்து தலை மோதும். அடி முனை கழன்றால் உடல் கீழே ஊசலாடி, பிக்கப் (ஒலியை மின்சாரமாக மாற்றும் கருவி) உள்ள அக்கூஸ்டிக் கிட்டாராக இருந்தால் அடியில் கேபிள் செருகும் ஜாக் தரையில் குத்தும். பக்கவாட்டு மரம் அந்த ஓட்டையிலிருந்தே பிளக்கும். கிப்சன் நிறுவனத்தின் லெஸ் பால், எஸ்ஜி போன்ற எலக்ட்ரிக் கிட்டார்கள் வைத்திருப்பவர்கள் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மஹோகனிக் கழுத்து, ஏறத்தாழ 17 டிகிரி பின்னோக்கிச் சாய்ந்த தலை, அது தொடங்கும் இடத்தில் கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியைத் திருக மரத்தைக் குடைந்த பள்ளம். இந்த மூன்றும் ஒரே இடத்தில் கூடுவதால் அங்கேதான் ஒடியும். எஸ்ஜியில் கழுத்துப் பக்கம் வேறு எடை கூடுதல், கையை எடுத்தாலே தலை கீழே சாயும். ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் தலை சாய்வில்லாதது, மேப்பிள் மரம். விழுந்தாலும் பெரும்பாலும் தப்பிக்கும். அது விழலாம் என்று சொல்லவில்லை.

இனி உங்கள் கேள்வி. எலக்ட்ரிக் கிட்டார் என்றால் ஸ்ட்ராப் லாக் வாங்குங்கள், தயங்கவே வேண்டாம். பரவலாகக் கிடைப்பவை ஜெர்மனியின் ஷாலர், அமெரிக்காவின் டன்லப். ஷாலரில் லாடம் போன்ற ஒரு துண்டு பொத்தானின் மேல் சறுக்கி உட்காரும், ஒரு சிறு முள் அதைப் பூட்டும். மாட்டும்போது லாடத்தின் வாய் மேல்நோக்கி, தோள் பக்கம் இருக்க வேண்டும். அப்போதுதான் முள் பழுதானாலும் லாடத்தின் மூடிய பக்கம் கிட்டாரைத் தாங்கும். பலர் தலைகீழாக மாட்டிவிட்டு முள்ளை மட்டும் நம்புகிறார்கள். டன்லப்பில் ஸ்ட்ராப் பக்கத் துண்டைப் பொத்தானின் குழிக்குள் செருகினால், உள்ளே சிறு குண்டுகள் விரிந்து பிடித்துக்கொள்ளும். செருகியபின் ஒருமுறை வெளியே இழுத்துப் பாருங்கள். எந்த வகையானாலும் ஸ்ட்ராப்பை இறுக்குகிற நட்டோ வளையமோ நாளடைவில் தளரும். மாதம் ஒருமுறை விரலால் திருகிப் பாருங்கள்.

லாக் பூட்டினாலும் முழுப் பாரமும் மரத்துக்குள் இருக்கும் ஸ்க்ரூவில்தான் தொங்குகிறது. புதிய லாக்குடன் வரும் ஸ்க்ரூ பழைய ஓட்டையைவிட மெலிதாக இருந்தால் பிடிக்காது, தடிமனாக இருந்தால் மரம் பிளக்கும். இதைப் பார்க்காமல் திருகிவிட்டு, லாக்கோடு ஸ்க்ரூவும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்த கிட்டார்களைப் பார்த்திருக்கிறேன். பொத்தான் கையால் சுழல்கிறது என்றாலே ஓட்டை தேய்ந்துவிட்டது என்று பொருள். ஸ்க்ரூவைக் கழற்றி, பல்குத்தும் குச்சிகளை மரப்பசையில் தோய்த்து ஓட்டை நிறையும் வரை செருகி, வெளியே நீட்டியிருப்பதை வெட்டி, ஒரு நாள் முழுக்க உலர விடுங்கள். பிறகு மெல்லிய துளையிட்டு, ஸ்க்ரூவின் புரியில் மெழுகுவத்தியை உரசி மெதுவாகத் திருகுங்கள். பல ஆண்டுகள் தாங்கும்.

லாக் வாங்கும் வரை ரப்பர் வளையம் போதும். வெளிநாட்டுக் கிட்டார்காரர்கள் குரோல்ஷ் பீர் பாட்டில் மூடியில் வரும் தடித்த ரப்பர் வளையத்தை இதற்காகவே எடுத்துவைப்பார்கள். நம் ஊரில் ஹார்டுவேர் கடையில் பொத்தானை எடுத்துப்போய்க் காட்டி, அதன் கழுத்தளவு துளையுள்ள தடித்த ரப்பர் வாஷர் கேளுங்கள். ஸ்ட்ராப்பை மாட்டியபின் அதற்கு மேல் வாஷரை இழுத்து மாட்ட வேண்டும். நைட்ரோசெல்லுலோஸ் மெருகு பூசிய கிட்டார் என்றால் ரப்பர் உடலைத் தொடவே கூடாது, மெருகு இளகிக் கறையாகிவிடும்.

அக்கூஸ்டிக் கிட்டார் என்றால் சிக்கல் சற்றுக் கூடுதல். அடியில் ஜாக்கே பொத்தானாக இருக்கும் கிட்டாரில் சாதாரண ஸ்ட்ராப் லாக் பொருந்தாது. அது வழக்கமான பொத்தானைவிடப் பருமன், ஆனால் தலை விரிந்திருக்காது; துளை தளர்ந்த ஸ்ட்ராப் அதில் நிற்கவே நிற்காது. புதிய, விறைப்பான, தடித்த தோல் முனையுள்ள ஸ்ட்ராப்பை இந்தப் பக்கத்துக்கென்றே வாங்குங்கள். இத்தகைய ஜாக்கில் மாட்டுவதற்கென்றே டடாரியோ நிறுவனம் சின்ச்ஃபிட் என்ற சிறிய பூட்டு விற்கிறது. ஜாக் சுழல்கிறதா என்றும் பாருங்கள். சுழன்றால் உள்ளே வயர் அறுந்துவிடும்.

மேல் முனையைக் கயிற்றால் தலைப்பகுதியில் கட்டுபவர்கள் கயிறு தந்திகளுக்கு அடியில் போகுமாறு கட்டுங்கள், முடிச்சை ஒவ்வொரு முறையும் பாருங்கள். கழுத்தின் அடியில் பொத்தான் வைப்பதே நல்லது என்பது என் கருத்து. ஆனால் அங்கே துளையிடுவதை நீங்களே செய்ய வேண்டாம். உள்ளே கழுத்தைப் பிடிக்கும் போல்ட் இருக்கலாம், பழுது பார்ப்பவரிடமே கொடுங்கள்.

நைலான் ஸ்ட்ராப்பில் தோல் முனையைச் சேர்க்கும் தையலையும், நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் பக்கிளையும் பார்த்துக்கொண்டால் போதும். எலக்ட்ரிக்கில் கேபிளை ஸ்ட்ராப்புக்கும் உடலுக்கும் இடையே ஒரு சுற்று விட்டுச் செருகுங்கள், யாராவது மிதித்தால் இழுப்பு ஜாக்கில் நேராக விழாது. எதையும் வாங்குவதற்கு முன் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று: குனியும்போதும், எழும்போதும், படி இறங்கும்போதும் இடது கை கழுத்தை விடக் கூடாது. அன்று என் இடது கையில் பாட்டுத்தாள் இருந்தது.

ஒருவேளை விழுந்து ஒடிந்தேவிட்டால், உடனே எல்லாத் தந்திகளையும் தளர்த்துங்கள். அவற்றின் இழுப்பு ஒடிந்த இடத்தை மேலும் கிழிக்கும். உதிர்ந்த சிம்புகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி உறையில் போடுங்கள். பொருந்துகிறதா என்று மறுபடி மறுபடி சேர்த்துப் பார்க்காதீர்கள், இழைகள் நசுங்கிவிடும். அவசரத்துக்கு உடனடிப் பசை எதையும் ஊற்றாதீர்கள். புதிதாக ஒடிந்த மரம் சுத்தமாக இருந்தால் நல்ல மரப்பசையும் சரியான கிளாம்பும் அதை உறுதியாகப் பிடிக்கும்.

மறுநாள் காலை உடைந்த கிட்டாரை அண்ணனிடம் கொண்டுபோனபோது எனக்குப் பேச்சு வரவில்லை. தலையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மரம்தானே தம்பி, ஒட்டிக்கொள்ளலாம். உன் கால் மேல் விழவில்லையே?” என்றார். ஒட்டினோம். பொத்தான்கள் இரண்டையும் மாற்றினோம். அது இன்றும் அவர் வீட்டில் சுருதி விலகாமல் ஒலிக்கிறது, இப்போது அவர் மகள் வாசிக்கிறாள்.