தண்ணீர்ப் பேசினில் விடப்பட்ட ஆமைக்குஞ்சு

வணக்கம். தம்பலகாமத்து உறவினர் கொடுத்த ஆமைக்குஞ்சு, பேசின் தண்ணீரில் விட்ட நாளிலிருந்து சோற்றையோ பாணையோ தொடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம்போல விரிவதாக நீங்கள் சொல்வதைப் பார்த்தால், அது தரையில் வாழும் நட்சத்திர ஆமையாகவே இருக்க வேண்டும். நீந்தத் தெரியாத அதனை உடனே வெளியே எடுத்து, உலர்ந்த மண் பரப்பிய அகலமான பெட்டியில், ஒரு மூலையில் ஒதுங்கிடம் அமைத்து விடுங்கள்.

காலையில் தாடைக்குக் கீழே நிற்கும் அளவு இளஞ்சூட்டு நீரில் பத்து நிமிடம் வைத்தால், அது கழுத்தை நீட்டி, மூக்கு நனையக் குனிந்து நெடுநேரம் குடிக்கும். பிறகு அறுகம்புல், செவ்வரத்தை இலை, முள் நீக்கிய நாகதாளி ஆகியவற்றைப் பொடியாக நறுக்கிக் கொடுங்கள். சோறும் பாணும் பாலும் வேண்டாம். கண்ணாடி புறஊதாக் கதிரைத் தடுப்பதால், இளங்காலை வெயில் நேரடியாகப் பட வேண்டும். இல்லாவிட்டால் ஓடு உறுதியடையாது. நண்பகல் வெயில் ஆகாது. மேலே கம்பிவலை அவசியம், நம்மூர்க் காகங்களைத்தான் அறிவீர்களே.

ஆனால், இவையெல்லாம் தற்காலிகமே. இலங்கையில் இது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட உயிரினம் என்பதால், தாமதியாமல் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவித்து ஒப்படையுங்கள். ஏதாவது பற்றைக்குள் நீங்களே விட்டுவிடாமல், எங்கே கண்டெடுத்தார் என்பதை உறவினரிடம் கேட்டு அதிகாரியிடம் சொல்லுங்கள்.