விற்பனைப் பலகை நடுவதற்கு ஒரு வருடம் முன்பு

அன்புள்ள தம்பிக்கு,

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் மூன்று வருடங்களுக்கு முன் வாங்கிய, பக்கத்து வீட்டோடு ஒரு சுவரைப் பகிரும் செமி வீட்டை வரும் இளவேனிலில் விற்றுவிட்டு ஏஜாக்ஸ் பக்கம் போக எண்ணியிருப்பதாகவும், அதற்கு முன் சமையலறையைப் புதுப்பிக்க வேண்டுமா, வீடு விற்றுத் தரும் முகவரை எப்போது அழைக்க வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். சமையலறையில் பெருஞ்செலவு செய்ய வேண்டாம். வாங்குபவர் அதைத் தம் விருப்பப்படி உடைத்துக் கட்டிக்கொள்வார். சுவருக்கு நிறம் பூச இரண்டு வாரம் போதும், ஆனால் விற்பனையைக் கடைசி நேரத்தில் குழப்பக்கூடியவை எல்லாம் கடதாசிகளில்தான் இருக்கின்றன, அவற்றைச் சீர்செய்ய மாதங்கள் ஆகும்.

முதலில் வங்கியுடன் கதையுங்கள். உங்களுடையது ஐந்து வருடத் தவணையில் எடுத்த நிலையான வட்டி வீட்டுக் கடன் என்று எழுதியிருந்தீர்கள். அதை அந்த ஐந்து வருடம் முடியுமுன் அடைத்தால், மூன்று மாத வட்டி அல்லது உங்கள் வட்டி வீதத்துக்கும் இன்றைய வீதத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மீதிக் காலத்துக்குக் கணக்கிட்ட தொகை, இவ்விரண்டில் எது பெரிதோ அதையே பெரும்பாலான வங்கிகள் தண்டமாக அறவிடும். வட்டி வீதங்கள் இறங்கியிருக்கும் காலத்தில் இரண்டாவது கணக்கு பல ஆயிரம் டொலருக்கு ஏறிவிடும். தவணை முடிவு நெருங்க நெருங்க அது குறையும். ஆகவே ஏப்ரலில் விற்றால் எவ்வளவு, ஆகஸ்ட்டில் விற்றால் எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதே கடனைப் புதிய வீட்டுக்கு மாற்றிக்கொள்ள முடியுமா, ஒரு வீடு கைமாறி மற்றது கைக்கு வருவதற்கிடையில் எத்தனை நாள் அவகாசம் தருவார்கள் என்பதையும் கேளுங்கள். இது வங்கிக்கு வங்கி வேறுபடும்.

அடுத்து வெந்நீர்க் கொதிகலன். நம் ஒன்ராறியோ மாகாணத்தில் பல வீடுகளில் அது வாடகைக்கு எடுத்ததாகவே இருக்கும். நாங்கள் முதல் வீட்டை வாங்கிய புதிதில், வாசலுக்கு வந்த ஒருவர் மாதக் கட்டணம் குறையும் என்று சொல்ல, நானும் நம்பிக் கையெழுத்திட்டேன். விற்கும்போதுதான் அது பத்து வருட ஒப்பந்தம் என்பதும், அந்த நிறுவனம் எங்கள் வீட்டு உறுதியின், அதாவது உரிமைப் பத்திரத்தின், மேல் ஓர் உரிமைப் பதிவைச் செய்திருந்தது என்பதும் தெரியவந்தன. வீடு கைமாறுவதற்கு ஒன்பது நாட்கள் இருக்கையில், அவர்கள் கேட்ட தொகையை மறுபேச்சின்றிக் கட்ட வேண்டியதாயிற்று. வாசலுக்கு வந்து இவற்றை விற்பதை மாகாண அரசு 2018 மார்ச்சில் தடைசெய்தது. வீட்டுப் பாவனைப் பொருட்களுக்காக உறுதியின் மேல் அவ்வாறு பதிவதையும் 2024 ஜூனில் ஒழித்தது. ஆனால் பதிவு செல்லாது போனாலும் ஒப்பந்தம் செல்லும் என்பதை நீங்கள் மறக்கக் கூடாது. வாங்குபவர் அந்த வாடகையைப் பொறுப்பேற்க மறுத்தால் கணக்கை முடிப்பது உங்கள் தலையில் விழும். கொதிகலன், சூடாக்கி, குளிரூட்டி மூன்றின் ஒப்பந்தங்களையும் இப்போதே தேடியெடுத்து, முழுதாக வாங்கிவிட எவ்வளவு என்று விசாரியுங்கள்.

மூன்றாவது, நீங்கள் ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கும் பேஸ்மென்ட், அதாவது நிலக்கீழ்த் தளம். அதைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அதுவே பெரிய கவலை. முந்தைய உரிமையாளர் அதைக் கட்டியபோது நகரசபை அனுமதி எடுத்தாரா, எடுத்திருந்தால் இறுதிப் பரிசோதனை முடிந்து அந்த அனுமதி மூடப்பட்டதா என்று பாருங்கள். மூடப்படாத அனுமதியை வாங்குபவரின் சட்டத்தரணி தேடிக் கண்டுபிடிப்பார். அப்போது பரிசோதகரை அழைத்து, தேவையானால் சுவரைத் திறந்து காட்டி முடிக்க நேரம் இருக்காது. அங்கே குடியிருக்கும் குடும்பத்தை 'வீடு விற்கிறோம்' என்ற காரணத்துக்காக மட்டும் எழுப்ப முடியாது. வாங்குபவரோ அவருடைய நெருங்கிய குடும்பத்தினரோ அங்கு குடிவரப்போகிறார் என்றால் மட்டுமே, ஒப்பந்தம் கைச்சாத்தான பிறகு, குறைந்தது 60 நாள் அறிவித்தல் கொடுக்கலாம். குத்தகைக் காலம் முடியாவிட்டால் அதுவும் இயலாது. அவர்கள் போக மறுத்து விடயம் வாடகைத் தீர்ப்பாயத்துக்குப் போனால் மாதக்கணக்கில் இழுபடும், வெறுமையாக ஒப்படைப்பதாக நீங்கள் கொடுத்த வாக்கும் பொய்த்துப்போகும். ஆகவே அவர்களிடம் இப்போதே நேர்மையாகச் சொல்லிவிடுங்கள். அவர்களும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை யோசித்துத்தான் வீடு தேட வேண்டும். நாமெல்லோரும் ஒரு காலத்தில் அப்படியொரு பேஸ்மென்டில் இருந்தவர்கள்தானே!

வருமான வரியிலும் இது தொடர்கிறது. குடியிருக்கும் வீட்டை விற்ற இலாபத்துக்கு வரி இல்லை என்றாலும், 2016 முதல் அந்த விற்பனையை வரிப் பத்திரத்தில் காட்டியே ஆக வேண்டும். பிந்தினால் மாதத்துக்கு 100 டொலர் வீதம் 8,000 டொலர் வரை தண்டம் விதிக்கலாம். வாடகைப் பகுதிக்காகக் கட்டட அமைப்பை மாற்றியிருந்தால் அந்தப் பங்குக்கு வரி வரக்கூடும் என்பதால் கணக்காளரைக் கேளுங்கள். முகவரின் தரகுக்கும் சட்டத்தரணியின் கட்டணத்துக்கும் மேல் 13% விற்பனை வரி உண்டு. ஏஜாக்ஸ் ரொறன்ரோ எல்லைக்கு வெளியே இருப்பதால், அங்கு வாங்கும்போது மாகாணத்தின் நில மாற்று வரி மட்டுமே. ரொறன்ரோ நகரத்தின் இரண்டாவது வரி இல்லை.

சொல்லத் தயங்கினாலும் சொல்ல வேண்டியது ஒன்று: தாளித்த வாசனை திரைச்சீலையிலும் கம்பளத்திலும் ஊறியிருக்கும், வீட்டில் இருக்கும் நமக்குத் தெரியாது. இதில் வெட்கப்பட ஏதுமில்லை. ஆனால் புகைபோக்கி காற்றை உண்மையில் வெளியே தள்ளுகிறதா என்று பார்த்துச் சரிசெய்யுங்கள். சாமி அறைக் கூரையில் விளக்குப் புகை படிந்திருந்தால், கறையை மறைக்கும் அடிப்பூச்சு பூசாமல் மேலே வெள்ளை அடித்தால் அது மீண்டும் ஊறி வெளியே தெரியும்.

உறுதியில் உங்கள் பெயர் மட்டும் இருந்தாலும், அது நீங்கள் இருவரும் வாழும் வீடு என்பதால் மனைவியின் சம்மதக் கையெழுத்தின்றி விற்க முடியாது. மாமியாரைப் பார்க்க அவர் யாழ்ப்பாணம் போகும் திட்டம் இருந்தால் திகதிகளை இப்போதே பொருத்திக்கொள்ளுங்கள். முகவரைத் தை மாதத்தில் அழைத்தால் போதும். ஆனால் தோட்டத்தை மட்டும் இந்த ஜூனிலேயே நல்ல வெயிலில் படம் எடுத்து வையுங்கள். ஏப்ரலில் பலகை நடும்போது புல் மஞ்சளாகவே இருக்கும், உங்கள் பின்வளவு எவ்வளவு அழகானது என்பதைப் பார்க்க வருபவர்கள் அறிய வேறு வழியிராது.